130 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஓய்வு





இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையிடுதலோடு தொடங்க விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்கால ஞாயிறன்று, பாதி காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்துவிட்டுப் பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னேன். சிலருக்கு ஆண்டவரைவிட ஏரிக்கரை பெரிதாகிவிட்டது என்றேன். பலர் சிரித்தீர்கள். சிரிக்காமல் தலைகுனிந்தவர்களும் இருந்தார்கள். அந்த வார்த்தையை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்வது என் கடமை.

சென்ற ஆண்டு நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவரை அடக்கம் செய்தோம். பணி ஓய்வு பெற்று நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அடக்கம் முடிந்த மறுவாரம் அவருடைய மனைவியைச் சந்திக்கச் சென்றேன். அவர் அழவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு வாடகை வண்டி நிறுவனத்தின் கையேட்டை என்னிடம் எடுத்துக் காட்டினார். வீட்டு வண்டி ஒன்றை அமர்த்தி மலைநாட்டிற்குச் செல்வதாக இருவரும் பல ஆண்டுகளாகப் பேசி வந்தார்களாம். முதலில் பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு வீட்டுக் கடன் முடியட்டும் என்றார்கள். பிறகு ஓய்வு பெறட்டும் என்றார்கள். "ஐயா, கல்கரியிலிருந்து பான்ஃப் 130 கிலோமீட்டர்தான். இருபத்தாறு வருஷம் இங்கேயே இருந்தோம். ஒரு இராத்திரிகூட அங்கே போய்த் தங்கவில்லை" என்றார். நான் ஜெபித்துவிட்டு எழுந்தேன். அந்த எண் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. இதை எழுத அந்தச் சகோதரியார் அனுமதி தந்திருக்கிறார்.

செப்டம்பர் மாதத்தில் மூப்பர்களிடம் பத்து நாட்கள் விடுப்புக் கேட்டு, நானும் என் துணைவியாரும் ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டோம். இந்நாட்டார் ஆர்.வி. என்று அழைக்கும் அவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, குளிர்பெட்டி அனைத்தும் உண்டு. ஆனால் எல்லாவற்றிற்கும் அளவு உண்டு. எங்கள் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய 100 லிட்டர் கொண்டது. பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியிலும், கழிப்பறைக் கழிவு வேறொரு தொட்டியிலும் சேரும். அவை நிரம்பினால் நாமே குழாயை மாட்டி, கழிவு இறக்கும் இடத்தில் இறக்கவேண்டும். முதல் முறை அதைச் செய்தபோது, இறையியல் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பட்டம் சற்றும் உதவவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் கையுறையைக் கொடுத்துக் கற்றுத் தந்தார்.

லேக் லூயிஸ் முகாமில் ஒரு காட்சியைக் கண்டோம். துணிக் கூடாரம் போடுகிறவர்களின் பகுதியைச் சுற்றி மின்வேலி அமைத்திருக்கிறார்கள். கரடிகள் நடமாடும் பள்ளத்தாக்கு அது. மனிதர் வேலிக்கு உள்ளே, கரடிகள் வெளியே. வண்டிகளுக்கு அந்த வேலி இல்லை. ஆனால் ஒரு துண்டு ரொட்டியைக்கூட வெளி மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. மனிதனுடைய உணவுக்குப் பழகிவிட்ட கரடி பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. ஆட்களைத் தேடி வரத் தொடங்கியபின் அதைக் கொல்லவேண்டிய நிலை வருகிறது. நம் கவனக்குறைவுக்கு வேறோர் உயிர் விலை கொடுக்கிறது. பூமியை ஆண்டுகொள்ளும்படி மனிதனுக்குத் தரப்பட்ட பொறுப்பைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று மாலை ரொட்டித் துணுக்குகளை மேசையிலிருந்து துடைத்தெடுத்தபோதுதான் அது என் கைக்கு வந்தது.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை செல்லும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ஏறக்குறைய 230 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையற்றவர்களுக்குப் பிழைப்பளிக்கும் திட்டமாக அதன் பணி நடந்து, 1940இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் பெரும்பகுதியில் கைபேசிக்கு அலைவரிசை கிடையாது. முதல் ஒரு மணி நேரம் நான் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். யாராவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால்? யாராவது அழைத்து நான் எடுக்காமற்போனால்? என் துணைவியார் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு வாட்டர்ஃபவுல் ஏரிகளின் அருகே தங்கினோம். அங்கே மின் இணைப்பு இல்லை. இருட்டியதும் ஒரே ஒரு சிறு விளக்கு. இருவருக்கும் நடுவே தேநீர்க் கோப்பைகள். வீட்டில் கருத்து வேறுபாடு வந்தால் நான் படிப்பறைக்குப் போய்விடுவேன். அவர் சமையலறைக்குப் போய்விடுவார். ஏழு மீட்டர் நீள வண்டியில் போவதற்கு வேறோர் அறை இல்லை. வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கேட்டார்: "ஏங்க, சபையில எல்லார் வீட்டுக் கதையும் உங்களுக்குத் தெரியும். என் அம்மாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பரிசுத்த வாரத்தில் என் மாமியார் திருநெல்வேலியில் காலமானார். ஆராதனைகளை விட்டு வர இயலாது என்று சொல்லி, துணைவியாரைத் தனியே விமானம் ஏற்றினேன். அவர் தம் தாயை அடக்கம் செய்த பெரிய வெள்ளிக்கிழமையன்று நான் இங்கே பிரசங்க பீடத்தில் நின்று ஏழு வார்த்தைகளைத் தியானித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வார்த்தை உங்களுக்குத் தெரியும். வேதனையின் உச்சத்திலும் ஆண்டவர் தம் தாயை மறவாமல் ஒரு சீடனிடம் ஒப்படைத்ததைப் பற்றி நான் உருக்கமாகப் பேசினேன் என்று அன்று பலர் என்னைப் பாராட்டினீர்கள்.

அந்த இரவு அவர் பேசினார், நான் கேட்டேன். விமான நிலையத்தில் அவரை அழைத்துப் போக வந்தவர் யார், மழையில் கல்லறைத் தோட்டத்திற்கு எப்படிப் போனார்கள், தாயின் கண்ணாடியை ஏன் இன்னும் தம் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், எல்லாம் சொன்னார். நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. வசனம் ஒன்றும் எடுத்துக் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜெபித்தார். இல்லத்திலும் சபையிலும் எப்போதும் ஜெபத்தை ஏறெடுப்பவன் நானாகவே இருந்ததால், அவர் எனக்காக ஜெபிப்பதை அமர்ந்து கேட்டது எனக்குப் புதிய அனுபவமாயிருந்தது. இதை உங்களுக்கு எழுதும்படி என்னை ஊக்கப்படுத்தியவரும் அவரே.

மறுநாள் அதபாஸ்கா பனியாற்றைக் காணச் சென்றோம். அந்தப் பனியாறு கடந்த 125 ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அதன் நுனி ஒவ்வொரு காலத்திலும் எங்கே இருந்தது என்பதைக் காட்ட, பாதை நெடுக ஆண்டுகள் பொறித்த பலகைகளை நட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் திருமணமான காலத்துப் பனியின் விளிம்பிலிருந்து இன்றைய பனியை நோக்கி, வெறும் கற்களின்மேல் நடந்தோம். மலைகள் அசையாதவை, பனி நிலையானது என்றெல்லாம் நாம் எண்ணுகிறோம். நாங்கள் மணவாழ்வு என்று அழைக்கும் அந்த ஆண்டுகளுக்குள் இத்தனை பனி நீராகி ஓடிப்போயிருக்கிறது. இருவரும் ஒன்றும் பேசாமல் நடந்தோம். ஆனால் அது முந்தைய ஆண்டுகளின் மௌனம் அல்ல.

ஜாஸ்பரை நெருங்கியபோது கருகிய மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. 2024 ஜூலையில் மூண்ட காட்டுத்தீ அந்நகரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது. நகரத்தாரும் முகாம்களில் தங்கியிருந்தவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக வெளியேறவேண்டியதாயிற்று. அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரத்தின் கூம்புகள் பல பிசினால் இறுக மூடப்பட்டவை. தீயின் வெப்பம் பட்டால்தான் அவை திறந்து விதைகளை விடுகின்றன. வீடிழந்தவர்களுக்கு இதை ஆறுதலாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எனினும் படைத்தவர் அந்த மரத்திற்குள் வைத்ததை மறைக்கவும் எனக்கு மனமில்லை.

பிரியமானவர்களே, இனி என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். இளைப்பாறுதலைக் குற்றமாக எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாம் இந்நாட்டுக்கு உழைக்க வந்தவர்கள். இரண்டு வேலை, இரவு முறை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம், பிள்ளைகளின் கல்வி என்று ஓடியே பழகிவிட்டோம். கணவன் பகல் வேலை, மனைவி இரவு வேலை என்று வாழ்ந்து, சமையலறை வாசலில் சாவியை மாற்றிக்கொள்ளும் தம்பதியர் நம் சபையில் உண்டு. அவர்களுடைய உழைப்பை நாம் மெச்சுகிறோம். அவர்கள் கடைசியாக எப்போது ஒருவரோடொருவர் அமர்ந்து பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போதகனாகிய நானும் கேட்கவில்லை.

வேதமோ இதில் நம்மைவிட இரக்கமுள்ளதாயிருக்கிறது. புதிதாய் மணமுடித்தவனை ஓராண்டு போருக்கு அனுப்பாமலும், வேறு பொறுப்பு சுமத்தாமலும், தன் மனைவியை மகிழ்விக்க வீட்டிலிருக்க விடும்படி உபாகமத்தின் சட்டம் கூறுகிறது. கட்டிய வீடுகளை விட்டு ஏழு நாட்கள் கூடாரங்களில் குடியிருக்கும்படி இஸ்ரவேலர் ஆண்டுதோறும் கட்டளை பெற்றிருந்தார்கள். தாங்கள் வழிப்போக்கராயிருந்ததை மறவாதிருக்கவே அந்தப் பண்டிகை. சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீடர்களை ஆண்டவர் தாமே தனித்த இடத்திற்கு அழைத்தார்.

இதற்குச் சில மறுப்புகள் எழும் என அறிவேன். முதலாவது, பணம். வீட்டு வண்டியின் வாடகையும் எரிபொருளும் குறைவல்ல. எங்களுக்கும் அது ஒரு முறை செய்த செலவுதான். ஆனால் வண்டி முக்கியமல்ல. ஒரு கூடாரமும் இரண்டு போர்வையும் போதும். அதுவும் இயலாதவர்கள் ஒரு பகல் முழுதும் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு ஏரிக்கரையில் அமர்ந்திருக்கலாம்.

இரண்டாவது, ஞாயிறு ஆராதனை. சபை கூடிவருதலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் மலைக்குப் போகிறவரிடம் நான் வேறுவிதமாகப் பேசுவேன். ஆனால் ஐம்பது ஞாயிறுகள் நம்மோடு தொழுது, இரண்டு ஞாயிறுகள் மனைவியோடு மலையடிவாரத்தில் தொழுகிறவரைப் பார்த்து இனி நான் கேலி பேசமாட்டேன்.

மூன்றாவது, ஒரு எச்சரிக்கை; இது எனக்கும்தான். மறுரூப மலையில் பேதுரு கூடாரம் போட்டு அங்கேயே தங்க விரும்பினார். ஆண்டவரோ கீழே இறங்கினார். அங்கே நோயுற்ற பிள்ளையோடு ஒரு தகப்பன் காத்திருந்தான். மலை நம் நிரந்தர விலாசமல்ல. இறங்கி வந்து பிறரைத் தாங்குவதற்கு மனமில்லாமற்போனால், நாம் பெற்றது ஓய்வல்ல, தப்பியோடல்.

ஆகவே சபைக்கமிட்டியின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆகஸ்டு மாதத்தில் இரண்டு வாரங்கள் எந்தக் கூட்டமும் ஒத்திகையும் வைக்கவேண்டாம். முதிய பெற்றோரையோ சுகவீனமான பிள்ளையையோ பராமரிப்பதால் ஓர் இரவும் வெளியே செல்ல இயலாத தம்பதியருக்காக, முறைவைத்து அந்த வீட்டில் தங்கியிருக்க முன்வருவோரின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்போம். அதில் முதல் இரு பெயர்களாக எங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கணவனை இழந்த அந்தச் சகோதரியாரை வரும் ஜூன் மாதத்தில் என் துணைவியாரும் வேறு இரு சகோதரிகளும் பான்ஃபுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அது அவர் இழந்ததைத் திரும்பத் தராது. ஆனாலும் அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் உங்கள் துணையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்குத் தெரியாமல் நீ சுமந்தது என்ன? பதில் வரும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.

ஜெபிப்போமாக. இரக்கமுள்ள பிதாவே, எங்கள் ஓட்டத்தை நீர் அறிவீர். நாங்கள் கேளாமற்போன குரல்களுக்காக எங்களை மன்னியும். காலம் இருக்கும்போதே ஒருவருக்கொருவர் செவிகொடுக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.

ஊழியத்தில் உங்கள் போதகர்