மறுப்பு அன்று, இயல்பளவு: மின்சுற்றுப் பலகைக் கலைச்சொல் ஒன்று

கலைச்சொல்லின் தகுதியை அதன் மூலச்சொல்லோடு ஒப்பிட்டு அளப்பதே நம்மிடையே பெருவழக்காக உள்ளது. அச்சொல் சுட்டும் பொருளின் இயக்கத்தைக் கொண்டு அளத்தலே முறை என்பது இக்கட்டுரையின் கருத்து.

அச்சிட்ட சுற்றுப்பலகையில் ஓடும் செப்புத்தடம், மெதுவாக மாறும் குறிகைக்கு வெறும் இணைப்பே. விரைந்து மாறும் குறிகைக்கு நிலைமை வேறு. கண்ணாடியிழைப் பலகையில் குறிகை ஒரு நானோநொடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. செல்லும். ஆகவே 7.5 செ.மீ. தடத்தில் அது சென்று மீளவே 1 நானோநொடி ஆகிறது. குறிகையின் எழுச்சி நேரமும் அதே அளவினதாயின், தடத்தை அலை பரவும் பாதையாக, அதாவது டிரான்ஸ்மிஷன் லைனாகக் கொண்டே கணிக்க வேண்டும். மின்தூண்டலும் மின்தேக்கமும் படிப்படியாக அமைந்த ஏணியாக அதனைப் பொறியாளர் உருவகிப்பர். ஓரலகு நீளத்தின் தூண்டல் எண்ணைத் தேக்குதிறனால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் கிடைப்பது 'கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ்'. இதனைத் தமிழில் 'சிறப்பியல்பு மின்மறுப்பு' என்கிறோம்.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. இழப்பற்ற தடத்தின் 50 ஓம் எதனையும் மறுப்பதில்லை, ஆற்றலை உண்பதுமில்லை. செல்லும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதமே அது. 'மறுப்பு' என்று பயின்ற மாணவர், மறுப்பு குறைவது நன்று எனக் கருதித் தடத்தை அகலப்படுத்துவார். அளவு 30 ஓமாகக் குறையும்; 50 ஓம் சுமையில் முடியும் அத்தடத்தில் வரும் அலையின் மின்னழுத்தத்தில் கால்பங்கு திரும்பி வந்து குறிகையைச் சிதைக்கும். சொல்லின் பிழை பலகையில் பிழையாகிறது.

ஆலிவர் ஹெவிசைடு 1886இல் படைத்த ஆங்கிலச் சொல்லிலும் 'தடுத்தல்' என்னும் பொருளே உள்ளது. அவ்வாறிருக்கத் தமிழை மட்டும் குறைகூறலாமோ எனச் சிலர் வினவக்கூடும். ஆங்கிலம் அச்சொல்லை மரபாகப் பெற்றுவிட்டது. நமக்கோ தெரிவு செய்யும் உரிமை இன்னும் உள்ளது. சொற்குடும்பத்தின் ஒழுங்கு குலையும் என்பது வலுவான மறுப்புரையே. ஆயினும் ஒழுங்கினும் தெளிவே முதன்மையானது.

ஆகவே பிற உறுப்புகளுக்கு 'மின்மறுப்பு' நிற்க, தடத்துக்கு 'இயல்பளவு' எனலாம். தடத்தின் இயல்பளவும் சுமையின் மறுப்பும் ஒத்திருப்பதை 'இயைபு' எனலாம். யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு அது புதிய சொல்லன்று. இவற்றினும் சிறந்தன கிடைப்பின் ஏற்கத் தடையில்லை. கலைச்சொற் குழுவில் தமிழறிஞரும் பொறியாளரும் ஒருங்கமர்ந்து, ஒரு கணக்கையேனும் செய்துபார்த்த பின்னரே சொல்லை முடிவுசெய்தல் வேண்டும்.