சம்பள பாக்கியும் கடன்தான்

பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், திரிசூலம், குரோம்பேட்டை என்று மீனம்பாக்கத்தைச் சுற்றிக் குடியிருக்கும் ஏர்போர்ட் குடும்பங்களுக்கு,



அயர்லாந்தின் ஷானனிலிருந்து எழுதுகிறேன். 1975-இல் டோனி ரயன் என்பவர் விமானங்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றை இந்தச் சிறிய ஊரில் தொடங்கினார். இன்று உலகின் பெரிய விமான வாடகைக் கம்பெனிகள் பலவும் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தோ முறிந்தோ அவர்களிடம் திரும்பி வரும் விமானங்களைச் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. அதற்கு முன் உங்களோடு ஹேங்கரில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன்தான். வேலை பார்த்த கம்பெனி மூடியபோது சம்பள பாக்கியோடு வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன்.

கொஞ்ச காலமாக ஊரிலிருந்து வரும் போன்களில் ஒரே கேள்விதான்: "கம்பெனி நிக்குமா, போயிடுமா?" சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறதாம். மேலதிகாரிகளுக்குப் பாதிதான் வருகிறதாம். இரண்டு விமானங்கள் மூலையில் நிற்கின்றனவாம். எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். நிற்குமா போகுமா என்பது எனக்குத் தெரியாது, பல நேரம் அதன் முதலாளிக்கே தெரியாது. ஆனால் அந்த விடை தெரிந்த பிறகுதான் குடும்பத்துக்கு ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சம்பளம் வராத ஒவ்வொரு மாதமும் நீங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறீர்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, அடமானம் கிடையாது. மளிகைக்கடை அண்ணாச்சியே மூன்றாம் மாதம் நோட்டை மூடிவிடுவார். நாம் மட்டும் அதை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

மற்றவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகை விமானங்கள். வாடகைக்கு விடும் கம்பெனி சில மாத வாடகையை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்கிறது. பறக்கும் மணிக்கணக்கைப் பார்த்துப் பராமரிப்புக்கென்று மாதாமாதம் தனியாக வசூலிப்பதும் உண்டு. பணம் வராவிட்டால் விமானத்தின் பதிவை ரத்து செய்து எடுத்துப் போகலாம் என்ற அதிகாரக் கடிதத்தை, விமானத்தைக் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறது. கேப்டவுன் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஏற்பாட்டில் இந்தியா 2008-இல் சேர்ந்தது இதற்காகத்தான். எண்ணெய்க் கம்பெனிகள் நிலுவை ஏறினால் ரொக்கம் வைத்தால்தான் எரிபொருள் என்று சொல்லிவிடும். வங்கியிடம் அடமானப் பத்திரம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் டிக்கெட் வாங்கிய பயணிகூட வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கையில் பிடி எதுவுமில்லாமல் கடன் கொடுப்பது கழுத்தில் பாஸ் மாட்டியிருக்கும் நாம்தான்.

கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனியின் கதையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் சரியாகக் கிடைக்காததால் பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று சொல்லி, அந்தக் கம்பெனி 2023 மே மாதம் தானாகவே திவால் மனு போட்டது. கடன் கொடுத்தவர்கள் வசூலிக்கவோ விமானங்களை எடுத்துப் போகவோ கூடாது என்று திவால் தீர்ப்பாயம் தடை விதித்தது. வாடகைக்கு விட்டவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த அக்டோபரிலேயே மத்திய அரசு விமானங்களுக்குத் திவால் தடை பொருந்தாது என்று அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-இல் பாராளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டமும் இயற்றியது. வாடகைக்கு விட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் போடும் சோறுதான் சாப்பிடுகிறேன். ஆனால் விமானத்தை மீட்பதற்கு இத்தனை கதவுகள் திறந்த நேரத்தில் சம்பள பாக்கிக்காக எந்தக் கதவும் இப்படித் திறக்கவில்லை.

ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களைக் கேளுங்கள். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போனதுதான் அதன் கடைசி விமானம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 20,000 பேருக்கு வாழ்வளித்த கம்பெனி அது. வாங்க ஆள் வந்தார்கள், திட்டம் ஒப்புதலானது, மறுபடி பறக்கப் போகிறது என்று ஒவ்வொரு வருஷமும் செய்தி வந்தது. அந்தச் செய்தியை நம்பி எத்தனையோ பேர் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொத்தை விற்றுக் கலைக்கச் சொன்னது. ஐந்தரை வருஷம்!

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிபடாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் பார்த்தது இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும். நஷ்டம் மலையாக ஏறினாலும், சம்பளம் தாமதமானாலும், கடைசியில் அரசாங்கம் கொடுத்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனதோடு அந்தக் காலம் முடிந்தது. தனியார் கம்பெனிகளின் கதை தொடக்கத்திலிருந்தே வேறு. நம் சென்னையிலேயே என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் 1990-களில் வந்த வேகத்தில் மூடியது. மதுரைத் தொழில் குடும்பத்தினர் 2005-இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், விமானங்களைக் கொடுத்தவர்களோடு வந்த வழக்கில் 2010-இல் நின்றது. அதே 2005-இல் ஆரவாரமாக வந்த கிங்ஃபிஷர் 2012-இல் தரை தட்டியது.

இவை மூடியதற்கு முதலாளியின் ஊதாரித்தனம் மட்டும் காரணமில்லை. டிக்கெட்டில் வருவது ரூபாய். விமான வாடகையும் பெரும்பாலான உதிரிபாகச் செலவும் டாலர். செலவில் மிகப் பெரிய பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு 29 சதவீத வாட் வரி என்பது நீங்கள் அறிந்ததுதான். பக்கத்துக் கம்பெனி நூறு ரூபாய் குறைத்தால் நாமும் குறைத்தாக வேண்டும். பயணி பறப்பதற்கு முன்பே பணம் கட்டிவிடுவதால் கல்லாவில் எப்போதும் காசு புரள்வது போலத் தெரியும். அது நாளை பறக்கப் போகிறவரின் பணம். இன்றைய கடனை அதை வைத்து அடைக்கிறார்கள். வதந்தி பரவி முன்பதிவு குறைந்த அன்றைக்குச் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் நேற்றுவரை ஓடியது இன்று எப்படி நின்றது என்று எல்லோரும் திகைக்கிறார்கள்.

ஹேங்கரிலும் ராம்ப்பிலும் நிற்பவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும். ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எப்போதாவது நடக்கும். அதுவே தினசரி வேலையானால் ஸ்டோரில் சரக்கு இல்லை என்று அர்த்தம். எரிபொருள் வண்டி பில்லுக்குக் காத்திருக்கிறது. கேட்டரிங் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கிறது. விமானத்தை வாடகைக்கு விட்டவர்களின் ஆட்கள் திடீரென்று வந்து, பராமரிப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். அப்படி வந்து பார்க்கிறவன் நான்தான். காரணமில்லாமல் எங்களை அனுப்ப மாட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி உங்கள் போனிலேயே இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா? வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் டிடிஎஸ் ஏறியிருக்கிறதா? கிங்ஃபிஷரில் ஊழியர்களிடம் பிடித்த வரியே அரசாங்கத்துக்குப் போய்ச் சேராமல், வரித்துறை கம்பெனியின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளம் தாமதமாவது நெருக்கடி. உங்களிடம் பிடித்த பணம் கட்டப்படாமல் இருப்பது அதற்கு அடுத்த படி. அந்தப் படிக்கு வந்துவிட்டால் தாம்பரம் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கம்பெனி திவாலானால் யாருக்கு முதலில் பணம் என்பதும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. முதலில் திவால் நடைமுறைச் செலவு. அடுத்து, அடமானம் வைத்திருக்கும் வங்கிகளும், தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் சமமாக நிற்கும். சட்டப்படி தொழிலாளர் என்ற வகைக்குள் வராத மற்ற ஊழியர்களுக்கு அதற்கும் பின்னால்தான் இடம், அதுவும் 12 மாத பாக்கிக்கு மட்டும். நிர்வாகப் பதவி தந்து பெருமைப்படுத்தியவர்கள் வரிசையில் ஒரு படி பின்னால் போய்விடுவார்கள் என்பதைச் சூப்பர்வைசர்கள் கவனிக்க வேண்டும். சொந்த விமானமே இல்லாத கம்பெனியில் விற்றுப் பங்கிட என்ன மிஞ்சும் என்பதையும் யோசியுங்கள். ஒரு ஆறுதல்: பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. ஜெட் வழக்கில் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் 2023-இல் மறுத்தது. ஆகவே சங்கத் தலைவர்கள் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்: கிராஜுவிட்டிக்கென்று தனி நிதி இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா? மூடிய பிறகு கேட்டால் பதில் சொல்ல நாற்காலியில் ஆள் இருக்காது.

விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் அனுபவப் பதிவேட்டில் கையெழுத்து பாக்கி வைக்காதீர்கள். கம்பெனி நின்றுவிட்டால், நீங்கள் செய்த வேலையை உறுதிப்படுத்தக் குவாலிட்டி பிரிவு இருக்காது. முந்தைய இரண்டு வருஷத்தில் ஆறு மாத அனுபவம் காட்டாவிட்டால் லைசென்ஸ் இருந்தும் விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. காத்திருப்பதன் விலை இதிலும் இருக்கிறது. நம் லைசென்ஸை அப்படியே கொண்டுவந்து ஐரோப்பாவில் பயன்படுத்தவும் முடியாது. இங்குள்ள பரீட்சைகளை எழுதியாக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். வேலை இருக்கும்போது தொடங்குங்கள். வளைகுடாவில் வேலை என்று பணம் கேட்கும் ஏஜென்ட், அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கம்பெனி தள்ளாடும் சமயத்தில்தான் இந்த ஏஜென்ட்டுகள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள்.

லோடர்களுக்கும் வீல்சேர் தள்ளுபவர்களுக்கும் கிளீனிங் பெண்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது. பலரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். விமானக் கம்பெனி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காத பணம் அவர்கள் தலையில் முதலில் விழுகிறது. திவால் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. நிரந்தர ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கையில் இவர்களையும் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் அந்தச் சங்கத்துக்கு ஏர்போர்ட் பெயர் எதற்கு?

காத்திருந்து ஜெயித்தவர்களும் உண்டு, அதையும் சொல்கிறேன். 2014 டிசம்பரில் எண்ணெய்க் கம்பெனிகள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்து, ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் பல மணி நேரம் கிளம்பாமல் நின்றன. அடுத்த மாதமே கம்பெனி கை மாறியது. அப்போது பிழைத்து எழுந்தது. அதனால் எல்லோரும் நாளைக்கே ராஜினாமா எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் நோட்டீஸ் காலத்தைப் படியுங்கள்; பைலட்டுகளுக்கு அது மாதக்கணக்கில் நீளும். காத்திருப்பதானால், எவ்வளவு கடன் கொடுக்கிறோம் என்று தெரிந்து காத்திருங்கள்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏர்போர்ட் வேலை என்று சொல்லிப் பெண் கேட்டோம், பம்மலில் வீட்டுக் கடன் வாங்கினோம், சீட்டு கட்டினோம். அந்தப் பெருமை இப்போது பிள்ளைகளின் காலைக் கட்டுகிறது. "கஷ்டகாலத்தில் கம்பெனியை விட்டுட்டு ஓடிட்டான்" என்று தெருவில் பேசுவார்களே என்று பயந்து எத்தனை பேர் நகையை அடகு வைத்து ஷிப்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாடகை வராவிட்டால் விமானத்தை எடுத்துப் போகிறவனை யாரும் துரோகி என்பதில்லை. சம்பளம் வராவிட்டால் தன் உழைப்பை எடுத்துப் போகிறவனை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

ஆகையால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து, வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இந்தக் கம்பெனிக்கு இன்னும் எத்தனை மாதம் கடன் கொடுக்க உங்களால் முடியும் என்று ஒரு எண்ணை எழுதி வையுங்கள். ஒன்றாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். அந்த மாதம் வரை மனசார உழையுங்கள், தாண்டினால் கிளம்புங்கள். கம்பெனி பிழைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். கை தேர்ந்த ஆட்களை அது திரும்பவும் தேடித்தான் ஆக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஹேங்கர் தோழன்,
ஷானன், அயர்லாந்து