கப்பல் நாளன்று விமானம் ஏறலாமா?

கப்பலில் உல்லாசப் பிரயாணம் போவது என்பது ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தமிழ்க் குடும்பங்கள் நினைத்துப் பார்க்காத விஷயம். கப்பல் என்றால் பிழைப்பு தேடி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போவது என்றுதான் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. கொச்சி வெலிங்டன் தீவில் ‘சாகரிகா’ என்ற கப்பல் பிரயாணிகள் நிலையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போகும் கப்பல்களுக்கு இங்கேயே டிக்கெட் கிடைக்கிறது. பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த குமாஸ்தாவும், சீட்டு எடுத்த கடைச் சிப்பந்தியும், பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பெற்றோரும் மூன்று நாள், நான்கு நாள் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் இந்தப் பிரயாணங்களை விற்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. ‘காலையில் திருவனந்தபுரத்தில் விமானம், மாலையில் கப்பல்’ என்று ஒரே நாளில் இரண்டையும் பொருத்தி விடுகிறார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்தால் லாட்ஜ் வாடகை, இரவுச் சாப்பாடு, ஒரு நாள் லீவு எல்லாம் கூடுதல் செலவு. அதை மிச்சப்படுத்தித் தந்ததாக ஏஜெண்டும் சொல்கிறார்; குடும்பத்தாரும் சந்தோஷப்படுகிறார்கள். இது மிச்சமே அல்ல. எல்லைப்புறத்தில் குடியிருப்பவர்களுக்கோ இது பெரிய சூதாட்டம்.

காரணத்தை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தூரம் அதிகமில்லை. ஆனால் அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய ரஸ்தாவில் போகிறவர்களுக்கு 30 கிலோமீட்டர் என்பதன் அர்த்தம் தெரியும். பாலராமபுரம் முக்கில் அரை மணி நேரம் நிற்பது அதிசயமல்ல. காரோட்டிலிருந்து கழக்கூட்டம் போகும் புறவழிச்சாலை வந்த பிறகு கார் வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம் குறைந்திருக்கிறது. பஸ்ஸை நம்பியிருப்பவர்களுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. ரயில் என்றால், இரட்டைப் பாதை வேலை வருஷக்கணக்காக நடந்து வரும் லைன் இது. எதிர்வண்டிக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடப்பது தினசரி ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஆபீசில் மூன்று தடவை லேட்டாகப் போனால் ஒரு காஷுவல் லீவு வெட்டு. கப்பலில் ஒரே லேட்டுக்கு மொத்தமும் வெட்டு.

இது நல்ல நாளின் நிலைமை. ஹர்த்தால் நாளில் என்ன ஆகும்? ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று கேரள ஹைகோர்ட்டு 2019 ஜனவரியில் உத்தரவிட்டது. அப்படியும் 2022 செப்டம்பர் 23-ம் தேதி நடந்த ஹர்த்தால் முதல் நாள்தான் அறிவிக்கப்பட்டது. பல பஸ்கள் கல்லெறிக்கு இலக்காயின. இத்தகைய நாட்களில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பஸ்கள் களியக்காவிளையோடு திரும்பிவிடுவதை எல்லைப்புற ஜனங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். பெங்களூரில் உட்கார்ந்து பெற்றோருக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும் மகனுக்கு இது ஞாபகத்தில் வருவதில்லை.

சங்குமுகம் விமான நிலையத்துக்கென்றே ஒரு தனி விசேஷம் உண்டு. ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயிலின் பங்குனி உற்சவத்திலும் ஐப்பசி உற்சவத்திலும் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போகிறது. வருஷத்தில் அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். விமானம்தான் வழி விட்டு நிற்கிறது. விமானக் கம்பெனிகள் அதற்கேற்ப நேரத்தை மாற்றி வைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் பல மாதம் முன்னதாக டிக்கெட் எடுத்தவருக்கு, நேரம் மாறிய தகவல் செல்போனில் வந்து விழுகிற நாளில்தான், கப்பலுக்கும் தனக்கும் நடுவில் இருந்த நாலு மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது தெரிகிறது.

மழையைப் பற்றிக் கேரளத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 15-ம் தேதி வெள்ளத்தால் மூடிய நெடும்பாசேரி விமான நிலையம் 29-ம் தேதிதான் திறந்தது. சென்னை விமான நிலையம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாட்கணக்காக மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30-ம் தேதி பெஞ்சல் புயலிலும் மறுபடி மூடப்பட்டது. ரயிலில் போனால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17-ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே சிக்கி நின்றது. எல்லோரையும் மீட்பதற்குள் 19-ம் தேதி ஆகிவிட்டது. வானம் தெளிவாக இருந்தாலும் நிச்சயமில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் மாறியதைச் சமாளிக்க முடியாமல், நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அன்று மழையுமில்லை, புயலுமில்லை.

சரி, விமானம் தாமதமாகிவிட்டது; கப்பல் சிறிது நேரம் காத்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. காத்திருக்காது. அது கப்பல்காரர்களின் கல்நெஞ்சம் அல்ல. துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்டுக்கும், இழுவைப் படகுகளுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. கப்பல் நிற்கும் இடத்துக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. பிரயாணிகளின் பட்டியலை முடித்து அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்பாகவே வாசலை அடைத்துவிடுகிறார்கள். ‘நாலு மணிக்குக் கப்பல்’ என்றால் நாலு மணிக்குப் போய்ச் சேரலாம் என்று அர்த்தமல்ல. மேலும், தாமதித்த நேரத்தைக் கடலில் ஈடுகட்டுவது சுலபமில்லை. கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், இயந்திரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. நாலு பேருக்காக அந்த எண்ணெயை யார் எரிப்பார்கள்?

இந்த இடத்தில் பழைய போட் மெயிலை நினைத்துப் பார்க்கலாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி துறையில் இறங்கி, அங்கேயே கப்பல் ஏறித் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த ஏற்பாடு இருந்தது. ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட். ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றின் நேரம் வகுக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜுலா’ கப்பல் ஏறி மலேயா போனவர்களோ துறைமுகத்துக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்து சத்திரங்களில் தங்கினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். அந்த முகாம்களின் கொடுமையை யாரும் சிலாகிக்க வேண்டாம். ஆனால் அன்று ரயிலையும் கப்பலையும் இணைத்தவர்கள் ஒரே நிர்வாகத்தார், பொறுப்பும் அவர்களுடையது. இன்று விமான டிக்கெட் ஒரு கம்பெனியில், கப்பல் டிக்கெட் வேறு கம்பெனியில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. நடுவில் உள்ள இடைவெளி முழுவதும் பிரயாணியின் தலையில்.

விமானம் ரத்தானால் நஷ்ட ஈடு உண்டே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். விதிகளைப் பார்த்தால் அந்தத் தைரியம் நிற்காது. உள்நாட்டு விமானத்தை உரிய முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அதுவும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் குறைந்த தொகைதான். புயல், மழை போன்ற காரணம் என்றால் நஷ்ட ஈடே இல்லை. டிக்கெட் பணம் திரும்ப வரும், அல்லது மாற்று விமானம் கிடைக்கும். தவறிய கப்பலின் கட்டணத்துக்கும் விமானக் கம்பெனிக்கும் எந்த ஒட்டும் இல்லை. கப்பல் கம்பெனியோ, வராத பிரயாணிக்குப் பொதுவாக ஒரு காசும் திருப்பித் தருவதில்லை. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பல மாதச் சம்பளம்.

அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு சமாதானம். கப்பல் அடுத்து நிற்பது கோவாவாக இருந்தால், கப்பல் கம்பெனி சம்மதித்தால், ஒருவேளை முடியலாம். அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் என்றால் அந்த நாட்டில் நுழைய அனுமதி, கடைசி நேர விமானக் கட்டணம், கம்பெனியின் சம்மதம் மூன்றும் வேண்டும். வயதான தம்பதிகள் முன்பின் தெரியாத ஊரில் பெட்டிகளோடு நின்று இதையெல்லாம் செய்துகொள்ள முடியுமா என்பதை, டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

ஒரே நாளில் விமானமும் கப்பலும் ஏறிச் சுகமாகப் போய் வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அதிகாலை விமானத்தில் மும்பை போய் இறங்கி, மத்தியானம் கப்பலில் சாப்பிட்டவர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். கவனிக்க வேண்டியது நடுவில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது மட்டுமல்ல. அந்த விமானம் போகாவிட்டால், கப்பலுக்கு முன் போய்ச் சேரக்கூடிய வேறு விமானம் அன்றைக்கு உண்டா என்பதுதான். மும்பைக்கு உண்டு; இடம் இருக்க வேண்டும், பணம் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் ஒரு நாளில் பல கிடையாது. இரவு ஏறிக் காலையில் இறங்கி மாலையில் கப்பல் ஏறும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். அந்த ஒரு விமானம் நின்றுவிட்டால் பத்து மணி நேர இடைவெளியும் பிரயோஜனமில்லை.

விமானத்தையும் கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்து ஒரே ரசீதில் விற்றால், விஷயம் கொஞ்சம் வேறு. விமானம் தாமதமானால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளூர் ஏஜெண்ட் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியே எடுத்து ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால், அது ஒரே டிக்கெட் ஆகிவிடாது. பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களும், தவறிய இணைப்புக்குப் பணம் கிடைக்க விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இருந்திருக்க வேண்டும் என்று பாலிசியில் போட்டிருப்பதைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஏஜெண்டுகளும் இதைத் தாங்களாகவே சொல்லக் கடமைப்பட்டவர்கள். ‘முதல் நாள் போனால் இவ்வளவு, அன்றே போனால் இவ்வளவு, தவறினால் இவ்வளவு நஷ்டம்’ என்று மூன்று கணக்கையும் காகிதத்தில் எழுதிக் காட்டினால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடாது.

கூடுதலாக ஒரு நாள் என்பது சர்க்கார் குமாஸ்தாவுக்கு ஒரு லீவு. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி. கடைச் சிப்பந்திக்கு முதலாளியிடம் இன்னொரு தடவை தலை சொறிவது. இது லேசான விஷயமல்ல. ஆனால் அந்த ஒரு நாளைக் கஷ்டப்பட்டுக் கொடுப்பவர்தான், கப்பல் போய்விட்டால் இன்னொரு முறை பணம் கட்டிப் போக முடியாதவர். வசதியுள்ளவருக்கு இது ஒரு எரிச்சல். இவருக்கு ஆயுசில் ஒரே தடவை வந்த வாய்ப்பு. லீவு நாட்களைக் கூட்ட முடியாவிட்டால், நான்கு நாள் கப்பலுக்குப் பதிலாக மூன்று நாள் கப்பலை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய நாளைத் துறைமுக ஊரில் கழிக்கலாம்.

கொச்சியில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு விமானப் பிரச்சினையே இல்லை. முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் திருவனந்தபுரத்தில் ரயில் ஏறினால் இரவுக்குள் எர்ணாகுளம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. காலையில் வெலிங்டன் தீவுக்கு ஆட்டோவில் போய்விடலாம். சென்னை போகிறவர்கள் நாகர்கோவில் வழியாகப் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸை நம்பினால், கப்பல் நாளன்று காலையில் எழும்பூரில் இறங்கும்படி அல்லாமல், அதற்கு முந்தைய நாள் காலையில் இறங்கும்படி எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது இவ்வளவு கறார் தேவையில்லை. கப்பல் தாமதித்தால் போவது விமான டிக்கெட் ஒன்றுதான். அப்போதும் கப்பல் காலையில் கரை சேரும் நாளில் மத்தியான விமானத்தை விட்டு, மாலை விமானமாகப் பார்த்து எடுக்கலாம். பெட்டிகள் வெளியே வரவே வெகு நேரமாகும்.