மருந்தேற்றும் காலத்தில் விற்றமின் குளிசை தேவையா?

புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு பாரங்களைச் சுமக்கத் தொடங்குகிறது. ஒன்று நோய். மற்றது ஆலோசனை. நோயாளியைப் பார்க்க வருகின்ற ஒவ்வொருவரும் ஒரு மருந்தின் பெயரோடு வருகிறார்கள். ஒருவர் விற்றமின் சி குளிசை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வந்த தூள் என்கிறார். மூன்றாமவர் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கச் சொல்கிறார். எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்பினால் கொடுக்கப்படுவது எல்லாம் நன்மை செய்யுமா என்பதை நாம் ஆறுதலாக இருந்து சிந்திக்க வேண்டியுள்ளது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீமோதெரபி மருந்து ஏற்றப்படும் காலத்திலும், ‘கரண்ட் பிடிப்பது’ என்று எமது மக்கள் கூறும் கதிர்ச் சிகிச்சைக் காலத்திலும், வைத்தியர் எழுதித் தராத விற்றமின் குளிசைகளையும், ‘ஒட்சியேற்ற எதிரி’ என்று விற்கப்படும் கப்சியூல்கள், தூள்கள், பானங்களையும் நிறுத்தி வைப்பதே நல்லது. பழத்தையும் கீரையையும் நிறுத்த வேண்டியதில்லை. இப்படிக் கூறுவதற்கான காரணங்களைக் கீழே தருகின்றோம்.

எமது உடலில் ஒட்சிசன் பயன்படும்போது சில தீவிரமான துணிக்கைகள் உண்டாகின்றன. அவை கலங்களைத் தாக்கிச் சேதப்படுத்தக் கூடியவை. இரும்பில் துரு ஏறுவதைப் போன்ற காரியம் இது. இத்துணிக்கைகளை அடக்கும் பொருட்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் சி, விற்றமின் ஈ, கரட்டிலும் பப்பாசியிலும் உள்ள பீற்றா கரோட்டீன் என்பன இவற்றுட் சில. சுகதேகிகளுக்கு இவை உணவின் மூலம் கிடைப்பது அவசியம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை வேறு விதமானது. கதிர்ச் சிகிச்சை பெருமளவுக்கு இத்துணிக்கைகளை உண்டாக்கியே புற்றுக் கலங்களைக் கொல்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் டொக்சோரூபிசின் எனும் சிவப்பு மருந்தும் ஓரளவுக்கு இவ்வாறே வேலை செய்கிறது. அப்படியிருக்க, அதே துணிக்கைகளை அடக்கும் குளிசையை அதே நாளில் விழுங்கினால் என்ன நடக்கும்? வயலில் களைக்கு மருந்து அடித்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் விவசாயி யாராவது உண்டா? பசளை வீசினால் நெல் மட்டுமா உண்கிறது? கோரையும் உண்ணத்தானே செய்கிறது. குளிசைக்கு நல்ல கலம், கெட்ட கலம் என்ற பேதம் தெரியாது. இதுவே வைத்தியர்களின் அச்சம்.

எல்லாக் கீமோதெரபி மருந்துகளும் இந்த வழியில் வேலை செய்வதில்லை. ஆகவே இந்த விளக்கம் மட்டும் போதாது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதே முக்கியம்.

பழமும் மரக்கறியும் அதிகம் உண்பவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் குறைவாக வருவதைக் கண்ட ஆய்வாளர்கள், அவற்றிலுள்ள சத்தைக் குளிசையாகக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று நம்பினார்கள். எமக்கு அயலிலுள்ள கேரளாவிலும், வெற்றிலையும் புகையிலையும் போடுவதால் வாயில் வெள்ளைத் திட்டு ஏற்பட்டவர்களுக்கு விற்றமின் ஏ, பீற்றா கரோட்டீன் என்பன கொடுத்துப் பார்த்தார்கள். திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட முடிவின்படி பலருக்குத் திட்டு மறைந்தது. ஆனால் குளிசையை நிறுத்தியபின் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கும் கூடியோருக்கோ அது திரும்பி வந்துவிட்டது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வு 1994இல் வெளியானது. பீற்றா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியது. பீற்றா கரோட்டீனையும் விற்றமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வொன்றிலும் இதே போக்குத் தென்பட்டதால், அது 1996இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கரட் செய்த நன்மையைக் கரட்டிலிருந்து பிரித்தெடுத்த குளிசை செய்யவில்லை. இந்த இரண்டும் சிகிச்சை பெறும் நோயாளிகளிடம் நடந்தவை அல்ல. ஆயினும் ‘விற்றமின்தானே, என்ன தீங்கு செய்யப்போகிறது’ என்ற பேச்சுக்கு இவை போதிய பதிலாகும்.

சிகிச்சைக் காலத்தைப் பற்றிய ஆய்வுகளுள் எமக்கு மிகவும் நெருக்கமானது கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்தது. ஏனெனில் அது தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் பற்றியது. இலங்கையில் ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய் என்பதும், வெற்றிலை, பாக்கு, புகையிலை என்பனவே அதற்குப் பிரதான காரணங்கள் என்பதும் நாம் அறிந்ததே. கியூபெக்கில் கதிர்ச் சிகிச்சை பெற்ற 540 பேரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈயும், ஆரம்பத்தில் பீற்றா கரோட்டீனும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்குச் சத்தில்லாத வெறுங் குளிசை. 2005இலும் 2006இலும் முடிவுகள் வெளிவந்தன. விற்றமின் எடுத்தவர்களுக்குச் சிகிச்சையின் கடுமையான பக்க விளைவுகள் குறைந்தன. ஆனால் அவர்களிடையே நோய் மீண்டும் தலைதூக்கும் போக்குக் கூடுதலாகக் காணப்பட்டது. இறந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள்.

இதை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். குளிசை எடுத்தவர் ‘எனக்குச் சுகமாக இருக்கிறது’ என்று சொன்னது பொய்யல்ல. அவருடைய வாய்ப்புண் உண்மையிலேயே குறைந்திருக்கும். ஆனால் அவருக்குக் கிடைத்த அந்த ஆறுதலில் நோய்க்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. ‘எங்கள் ஊரில் ஒருவர் எடுத்தார், நல்லாய் இருந்தார்’ என்ற பேச்சை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது என்பது இதனாற்றான்.

2020இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, கீமோதெரபி பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளைப் பற்றியது. சிகிச்சைக்கு முன்னரும் சிகிச்சையின்போதும் ஒட்சியேற்ற எதிரிக் குளிசைகளை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய 40 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. எடுத்தவர்களின் தொகை சிறிதாகையால் இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கூறினார்கள். விற்றமின் பி12, இரும்புச்சத்துக் குளிசை என்பவற்றை எடுத்தவர்களிடமும் பாதகமான முடிவுகள் காணப்பட்டன. சாதாரண பல்விற்றமின் குளிசையால் நன்மையோ தீமையோ தென்படவில்லை. இவ்வாய்வில் யாருக்கும் குளிசை பகிர்ந்து கொடுக்கப்படவில்லை. அவர்களாகவே எடுத்ததைக் கேட்டு எழுதினார்கள். ஆகவே இது முடிந்த முடிவல்ல, எச்சரிக்கை மாத்திரமே.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். 2007இல் வெளியான ஒரு தொகுப்பு, 19 சிறு பரிசோதனைகளைப் பார்த்து, இக்குளிசைகள் கீமோதெரபியின் பலனைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை என்றும், சில பக்க விளைவுகளைக் குறைக்கக்கூடும் என்றும் கூறியது. ஆனால் அவற்றுட் பல, நோய் திரும்பி வருவதைக் கண்டறியப் போதாத சிறிய பரிசோதனைகள். விற்றமின் சியைப் பெருமளவில் கொடுத்தால் நோயாளிகள் நீண்டகாலம் வாழ்வார்கள் என்று நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் 1970களில் வாதிட்டார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் வாய்வழியாகக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், 1979இலும் 1985இலும், பயன் எதுவும் காணப்படவில்லை. ஆக, ஒரு பக்கத்தில் உறுதியாகாத சிறு நன்மை. மறுபக்கத்தில் உயிரோடு விளையாடும் ஆபத்து. கூப்பன் அரிசியை எண்ணிச் சமைத்த எமது தாய்மாருக்கு இந்தக் கணக்கைச் செய்ய யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் எமது மக்கள் ஏன் இவற்றை வாங்குகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையல்ல. மருந்தேற்றுவது வைத்தியசாலையின் வேலை. குடும்பத்தின் கைக்கு எதுவும் தரப்படுவதில்லை. கணவன் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும்போது மனைவி ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறாள். அந்தத் துடிப்புக்குக் கையில் அகப்படுவது ஒரு போத்தல். 1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டு ஓடிய குடும்பங்களுக்கு இத்துடிப்பு இன்னும் அதிகம். இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை. எமக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் பட்டுப் படித்தவர்கள்.

இந்தத் துடிப்பை அறிந்துகொண்டு வியாபாரம் செய்பவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கும் முறையில், சொந்தக்காரரே சொந்தக்காரருக்கு விற்கும்போது மறுத்துச் சொல்ல முடிவதில்லை. அரச வைத்தியசாலைகளில் மருந்தேற்றுவது இலவசம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, வெளியில் வாங்கியவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அப்படியான வேளைக்குத் தேவைப்படும் பணத்தை, நகையை அடகு வைத்துத் தூள் வாங்கச் செலவழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மகரகமைக்கோ போய்வரும் பயணச் செலவு, நல்ல சாப்பாடு, கூட இருப்பவரின் ஒரு நாட்கூலி என்பனவே அப்பணத்துக்குரிய இடங்கள்.

சரி, குடும்பத்தவர் செய்யக்கூடியது என்ன? நிறையவே உண்டு.

முதலாவது, உணவு. ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் விற்றமின் சி போதும். ஒரு நல்ல கொய்யாப்பழத்தில் அதைவிடக் கூடுதலாக உண்டு. ஆனால் கடையில் விற்கும் ஒரு குளிசையில் 500 அல்லது 1,000 மில்லிகிராம் இருக்கிறது. இதுவே உணவுக்கும் குளிசைக்கும் உள்ள வித்தியாசம். கறியில் போடும் மஞ்சள் உணவு. கப்சியூலில் அடைத்த மஞ்சட் சத்து மருந்து. சோறு, பருப்பு, முட்டை, வாவி மீன், முருங்கைக்கீரை, பப்பாசி எல்லாம் நோயாளி உண்ணலாம். ஒரேயடியாக உண்ண முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கலாம். மருந்தேற்றும் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் நன்றாக வேகவைத்ததையும், கழுவித் தோல் சீவிய பழத்தையும், கொதித்தாறிய நீரையுமே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, காய்ச்சல். மருந்தேற்றி ஒன்று இரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெண்கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். அவ்வேளையில் காய்ச்சல் 100.4 பாகை பரனைற்றுக்கு, அதாவது 38 பாகை செல்சியசுக்கு வந்தால், இரவென்றும் மழையென்றும் பாராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு போத்தல் தூளை விட ஒரு வெப்பமானி வீட்டில் இருப்பது உயிரைக் காக்கும். படுவான்கரையின் உட்கிராமங்களில் உள்ளவர்கள், இரவில் அழைக்கக்கூடிய முச்சக்கரவண்டிக்காரரை முன்கூட்டியே பேசி வைப்பது புத்தி.

மூன்றாவது, மறைக்காமை. கிளினிக் போகும்போது, வீட்டில் எடுக்கும் குளிசை, கசாயம், தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் போகிறவர்கள், தாங்கள் கீமோதெரபி பெறுவதை அவருக்கும் சொல்லுங்கள். இரத்தச் சோகைக்கோ வேறு குறைபாட்டுக்கோ உங்கள் வைத்தியர் இரும்புச்சத்தோ விற்றமினோ எழுதித் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். எமது கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் அப்படிச் செய்யக் கூடாது.

நான்காவது, வெற்றிலைத் தட்டு. ஒட்சியேற்ற எதிரி வாங்கிக் கொடுக்கும் வீட்டிலேயே நோயாளி வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுவாராயின், அந்தச் செலவுக்கு என்ன அர்த்தம்? புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்திருக்கிறது.

வைத்தியசாலைகளில் பணிபுரிவோருக்கும் ஒரு வார்த்தை. ‘கேட்டால் டொக்டர் ஏசுவார்’ என்ற பயத்தினாலேயே எமது மக்கள் பலவற்றை மறைக்கிறார்கள். தெரியாத மொழியில், நெரிசலான கிளினிக்கில், இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது? ‘வீட்டில் வேறென்ன எடுக்கிறீர்கள்?’ என்று ஏசாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி பல தீங்குகளைத் தடுக்கும். அக்கேள்வி நோயாளிக்கு விளங்கும் மொழியில் கேட்கப்பட வேண்டும். அது சலுகையல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

விட்டு வந்த வளவுகளில் எமக்குக் கொய்யாவும் முருங்கையும் இருந்தன. இப்போது குடியிருக்கும் காணித் துண்டிலும் அவற்றுக்கு இடமுண்டு. கன்றுகளை இந்த மாரிக்கே நடலாம். குளிசைப் போத்தலோடு ஒருவர் படலையில் வந்து நின்றால், அவருடைய அன்புக்கு நன்றி கூறுவோம். வைத்தியரிடம் கேட்டபின் பார்ப்போம் என்று பணிவாகச் சொல்லி, அவரை நோயாளியின் அருகில் சற்று நேரம் இருந்து கதைக்கச் சொல்வோம். அந்தக் கதை நோயாளிக்குத் தெம்பு தரும்; சிகிச்சைக்கும் தடையாகாது.