அவளுக்குத்தான் முன்பே தெரியுமே!

ஒரு பெண். வரப்போவது எல்லாம் அவளுக்குத் தெரியும்.

யார் சக்கரவர்த்தி ஆவான், யார் சிறைக்குப் போவான், யார் எந்த ஆண்டில் சாவான், அத்தனையும் தெரியும்.

அப்படித் தெரிந்தவள் என்ன செய்யவேண்டும்? வெல்லப் போகிறவன் பக்கம் போய் நிற்கவேண்டும். அதுதானே புத்திசாலித்தனம்?

இவள் என்ன செய்தாள்? தோற்கப் போகிறவனைக் காதலித்தாள்!

இதை வைத்து எங்கள் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடர். அதன் பெயர் "புபு ஜிங்சின்". அடிக்கு அடி நெஞ்சம் திடுக்கிடுகிறது என்று பொருள். 2011-ம் ஆண்டு ஹூனான் தொலைக்காட்சியில் 35 பகுதிகளாக வந்தது. தோங் ஹுவா என்ற பெண் எழுத்தாளர் எழுதிய நாவல்தான் மூலக்கதை.

என் மகள் அதைக் கைப்பேசியில் பார்க்கிறாள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து, பாட்டிக்குத் தமிழில் சொல்லுகிறாள். பாட்டி என்றால் என் தாயார். அறுபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். கேள்வி கேட்பதில் மட்டும் பெரிய வக்கீல்!

"ஏண்டி, அவளுக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே? பிறகு ஏன் போய்க் குழியில் விழுகிறாள்?" என்று கேட்டார் அம்மா.

"அவள் முட்டாள், பாட்டி" என்றாள் மகள்.

"முட்டாள் இல்லை. சுயநலக்காரி" என்றாள் என் மனைவி.

நான் மூன்றாவது கட்சி. அவள் முட்டாளும் இல்லை, சுயநலக்காரியும் இல்லை. அவள் செய்த பிழை ஒன்றே ஒன்று. அது இவர்கள் சொல்லும் பிழை அல்ல.

கூடு விட்டுக் கூடு

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாங் சியாவ் இந்தக் காலத்துப் பெண். ஷென்ஜென் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு விபத்தில் நினைவு தப்புகிறது. கண் விழித்தால், அது 1704-ம் ஆண்டு! உடம்பு அவளுடையது அல்ல. ருவோசி என்ற பெண்ணின் உடம்பு. அந்தப் பெண் மாடியிலிருந்து விழுந்து, மயங்கிக் கிடந்தவள்.

நம் ஊரில் இதைக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்போம். விக்கிரமாதித்தன் கதையில் படித்திருக்கிறோம். சீனர்கள் "சுவான்யுவே" என்கிறார்கள். ஊடே கடந்து போவது என்று அர்த்தம். நம் கதைகளில் வித்தை தெரிந்தவன் வேண்டும் என்று பாய்வான். சீனக் கதையில் பாவம், தூக்கி எறியப்படுகிறார்கள்!

அப்போது சீனாவை ஆண்டவர் காங்சி சக்கரவர்த்தி. 61 ஆண்டு ஆண்டவர். அவருக்கு மகன்கள் ஏராளம். பட்டத்து இளவரசனை 1708-ல் பதவியிலிருந்து இறக்கினார். மறு ஆண்டே திரும்ப ஏற்றினார். 1712-ல் மறுபடியும் இறக்கினார். அவ்வளவுதான்! சிங்காதனத்துக்கு அண்ணன் தம்பிகளுக்குள் போட்டி மூண்டது.

போட்டியில் முக்கியமானவர்கள் இருவர். நான்காம் இளவரசன் வாய் திறந்து பேசாதவன். எட்டாம் இளவரசன் எல்லோருக்கும் இனியவன். 1722-ல் வென்றவன் நான்காமவன். யோங்ஜெங் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றான். எட்டாமவன் 1726-ல் பட்டமும் பேரும் பறிக்கப்பட்டுச் சிறையில் செத்தான். இது வரலாறு. சாங் சியாவுக்கு இது தெரியும்.

ருவோசியின் அக்காள், எட்டாமவனின் இரண்டாவது மனைவி. ருவோசி தங்கியிருப்பது அவன் மாளிகையில். அங்கேதான் காதல்!

"அக்காள் புருஷனையா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். அந்த அக்காள் தன் புருஷனை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று மகள் விளக்கினாள். அக்காள் நேசித்தவன் ஒரு படைவீரன். அவன் செத்ததற்கு இந்த எட்டாமவனே காரணம் ஆகிவிட்டான். அம்மா கேட்டுக்கொண்டார். ஆனாலும் சுளித்த முகம் சுளித்தபடியே இருந்தது.

பாடப் புத்தகம் போதுமா?

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். "தெரிந்தும் காதலித்தாளே!"

அவளுக்கு என்ன தெரியும்? பாடப் புத்தகத்தில் உள்ளது தெரியும். யார் வென்றான், எந்த ஆண்டில் வென்றான் என்பது தெரியும். யார் எப்படிச் சிரிப்பான், யார் பனியில் கூட நடந்து வருவான் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

இன்னொன்றும் கவனியுங்கள். 1708-ல் பட்டத்து இளவரசன் இறங்கியதும், அடுத்து யார் என்று சக்கரவர்த்தி மந்திரிகளைக் கேட்டார். அவர்கள் சொன்னது எட்டாமவன் பெயரை! அவனுக்கு இத்தனை செல்வாக்கா என்று சக்கரவர்த்திக்கே கோபம் வந்துவிட்டது. அந்த அரண்மனையில் யாரைக் கேட்டாலும் எட்டாமவன் பக்கம்தான் கை காட்டியிருப்பார்கள். காற்று அவன் பக்கம் வீசிய காலம் அது. அவன் கண் எதிரே நிற்கிறான். இருபது வயது தாண்டிய வாலிபன். இவன் நாற்பத்தைந்து வயதில் சிறையில் சாவான் என்று புத்தகம் சொல்லுகிறது. கண் சொல்லுவதை நம்புவதா, புத்தகம் சொல்லுவதை நம்புவதா?

அவள் இரண்டையும் நம்பினாள். அதுதான் அவள் துன்பம்.

சுயநலக்காரி என்றால் அன்றைக்கே நான்காமவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். அவள் நிற்கவில்லை. பிற்பாடு நான்காமவனிடமும் மனம் போனது உண்மை. ஆனால் அது எப்போது? அவளைப் பதினான்காம் இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்கச் சக்கரவர்த்தி ஆணை போட்டார். அவள் மறுத்தாள். சக்கரவர்த்தி சொல்லை மறுத்தால் சும்மா விடுவாரா? அடி வாங்கினாள். அரண்மனைத் துணி துவைக்கும் இடத்துக்குத் தள்ளப்பட்டாள். ஆண்டுக் கணக்கில் துவைத்தாள். சுயநலக்காரி இத்தனை துணி துவைப்பாளா? இதை நான் கேட்டபோது என் மனைவி பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு பேச்சு

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

புல்வெளி நாட்டில் ருவோசியும் எட்டாமவனும் மகிழ்ந்திருந்த நாட்களில், அவள் அவனிடம் கேட்கிறாள். "சிங்காதனம் வேண்டுமா? நான் வேண்டுமா?" என்பதுதான் கேள்வி.

அவன் சிங்காதனத்தை விடமாட்டேன் என்கிறான்.

சரி, பிரிந்தார்கள். அத்தோடு அவள் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை! போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை கொடுத்தாள். "நான்காம் இளவரசனிடம் ஜாக்கிரதையாக இரு. இன்னின்னாரிடமும் ஜாக்கிரதையாக இரு" என்று பெயர் பெயராகச் சொன்னாள்.

இதுதான் அவள் செய்த பிழை.

எட்டாமவன் என்ன செய்தான்? ஜாக்கிரதையாக இருந்தானா? இல்லை! நான்காமவன் எனக்கு எதிரி என்று முடிவு கட்டினான். அவனை முந்திக்கொண்டு கவிழ்க்கச் சதி செய்தான். பழி நான்காமவன் மேல் விழும் நேரம். அவனை உயிராய் நேசித்த பதின்மூன்றாம் இளவரசன் எழுந்து, "நான்தான் செய்தேன்" என்று பழியை ஏற்றான். பத்து ஆண்டு அடைபட்டுக் கிடந்தான். பதின்மூன்றாமவன் யார்? ருவோசிக்கு அந்த அரண்மனையில் இருந்த ஒரே உயிர்த் தோழன்!

நான்காமவன் இதை மறப்பானா? சக்கரவர்த்தி ஆனதும் எட்டாமவனைப் பழி தீர்த்தான்.

ஆக, எட்டாமவனைக் காப்பாற்றச் சொன்ன சொல்தான் எட்டாமவனைக் கொன்றது. இது அவளுக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. எட்டாமவனின் முதல் மனைவி வந்து போட்டு உடைக்கிறாள். கேட்ட அதிர்ச்சியில் ருவோசியின் வயிற்றில் இருந்த கரு கலைகிறது.

பழி யாருடையது? பாதி எட்டாமவனுடையது என்பேன். அவள் சொன்ன புத்திமதி இரண்டு. சிங்காதனத்தை விடு என்பது ஒன்று. நான்காமவனிடம் கவனம் என்பது மற்றொன்று. முதலாவதை அவன் காதில் வாங்கவில்லை. தன் ஆசைக்கு ஏற்ற இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதிப் பாதி அவளுடையதுதான். தனக்கு ஏன் தெரியும், எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாதவள், பெயரை மட்டும் சொன்னாள். காரணம் இல்லாமல் ஒரு பெயரை மட்டும் ஒருவன் காதில் போட்டால், காரணத்தை அவனே கற்பித்துக்கொள்வான்.

கோழியா, முட்டையா?

இங்கேதான் என் மகள் என்னை மடக்கினாள்.

"அப்பா, பதின்மூன்றாமவன் சிறைப்பட்டது இவள் போனதால்தானே? போகாவிட்டால் சிறையே இல்லை. ஆனால் போவதற்கு முன்பே அந்த வரலாறு இருந்ததே! அது எப்படி?"

நல்ல கேள்வி. அவள் எப்போதும் அந்த வரலாற்றுக்குள் இருந்தாள் என்றுதான் கொள்ளவேண்டும். அவள் படித்த வரலாறு, அவள் செய்த வரலாறுதான். பாம்பு தன் வாலைத் தானே கவ்வியது போல!

எழுத்தாளர் இதில் ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார். 1709-ல் சக்கரவர்த்தி மகன்களுக்கு வரிசையாகப் பட்டம் கொடுத்தார். தம்பியான பதினான்காமவனுக்குக்கூடக் கிடைத்தது. பதின்மூன்றாமவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. 1722-ல் அண்ணன் சிங்காதனம் ஏறியதும் அவனுக்கு ஒரேயடியாகப் பெரிய பட்டம். நடுவில் அவன் ஏன் ஒதுக்கப்பட்டான்? ஏடுகளில் தெளிவு இல்லை. அந்த வெற்றிடத்தில் ருவோசியின் ஒரு பேச்சைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்!

"அப்படியானால் அவள் பெயர் ஏன் வரலாற்றில் இல்லை?" என்றாள் மகள். சக்கரவர்த்திக்குத் தேநீர் ஏந்திய பணிப்பெண் அவள். தேநீர் கொடுத்தவள் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஹாங்காங்கில் 2001-ல் வந்த தொடர் இன்னும் துணிச்சலாகப் பதில் சொன்னது. ஹுவாங் யீ எழுதிய நாவல். இந்தக் காலத்துப் போலீஸ்காரன் உடம்போடு பழைய சின் நாட்டுக்குப் போகிறான். முதல் சக்கரவர்த்தி ஆகவேண்டிய இளவரசன் செத்துவிட்டிருக்கிறான்! வேறு வழியின்றித் தன் சீடனையே அந்த இளவரசனாக வேடம் போட வைக்கிறான். பிற்பாடு சக்கரவர்த்தி ஆன சீடன், குருவின் பெயர் எங்கும் இருக்கக்கூடாது என்று புத்தகங்களைக் கொளுத்துகிறான். சின் சக்கரவர்த்தி புத்தகம் எரித்தது உண்மை வரலாறு. அதற்குக் கதை தந்த காரணம் இது! முடிச்சு என்றால் இதுதான் முடிச்சு.

ருவோசி கதையில் அப்படிப்பட்ட இறுக்கம் இல்லை. ஓர் ஓட்டையும் உண்டு. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி எங்கே போனாள்? மாடியிலிருந்து விழுந்த உண்மையான ருவோசி? அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே? 35 பகுதியிலும் அவளுக்காக ஒருவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அக்காளுக்குக்கூடத் தெரியாது, தன் தங்கை போய்விட்டாள் என்று. எனக்கு இது பெரிய குறைதான்.

2011-ன் தொடக்கத்தில் சீன அரசின் ஒளிபரப்புத் துறை இத்தகைய தொடர்களைக் கண்டித்தது. மூடநம்பிக்கை, விதி, மறுபிறப்பு ஆகியவற்றைப் பரப்புகின்றன என்றது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ருவோசி வந்தாள். ஊரே பார்த்தது. 2016-ல் கொரியர்களும் இதே கதையைத் தங்கள் பழைய கோரியோ அரச வம்சத்தில் வைத்து எடுத்தார்கள். விதி என்று கையைக் கட்டிக்கொள்ளும் கதையாக இது எனக்குப் படவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் ஒரு மனிதனின் கோபமோ ஆசையோதான் போடுகிறது.

ஒரு கடிதம்

கடைசிச் சண்டை ஒரு கடிதத்தைப் பற்றியது.

நாவலில் ஒரு வேடிக்கை. பட்டம் படித்த பெண், பழைய காலத்துக்குப் போனதும் பாதித் தற்குறி ஆகிவிடுகிறாள்! மக்கள் எளிதில் கற்கட்டும் என்று சீனாவில் 1956 முதல் எழுத்துக்களை எளிதாக்கினார்கள். அவள் கற்றது அந்த எளிய எழுத்து. அரண்மனையில் இருப்பதோ பழைய கடின எழுத்து. மறுபடியும் அரிச்சுவடி! பிற்பாடு நான்காமவனின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறாள். கடைசியில் அவள் எழுத்து அவன் எழுத்துப் போலவே ஆகிவிடுகிறது.

சாகும் தறுவாயில் அவள், சக்கரவர்த்தி ஆகிவிட்ட அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். வந்து பார் என்று. அப்போது அவள் இருப்பது பதினான்காமவன் வீட்டில். உறையின் மேல் உள்ள எழுத்து சக்கரவர்த்தி எழுத்துப் போலவே இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பதினான்காமவன் அதை வேறு உறையில் போட்டுத் தன் கையால் மேல்விலாசம் எழுதி அனுப்பினான். சக்கரவர்த்திக்கும் அவனுக்கும் ஆகாது. திட்டித்தான் எழுதியிருப்பான் என்று சக்கரவர்த்தி உறையைப் பிரிக்கவே இல்லை. அவள் செத்த பிறகுதான் பிரித்தார்.

"பதினான்காமவன் வேண்டுமென்றே செய்தான்" என்கிறாள் என் மனைவி. "இல்லை, அவள் மானத்தைக் காக்கச் செய்தான்" என்கிறாள் மகள். நான் மகள் கட்சி. அவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்தால் கடிதத்தை அனுப்பியே இருக்கமாட்டானே!

(ருவோசியாக நடித்த லியு ஷிஷியும், சக்கரவர்த்தியாக நடித்த நிக்கி வூவும் 2015-ல் உண்மையாகவே திருமணம் செய்துகொண்டார்கள். கதையில் சேராதவர்கள் வாழ்க்கையில் சேர்ந்தார்கள். இதைக் கேட்ட பிறகுதான் அம்மா அன்று சாப்பிட்டார்.)

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே! பதினான்காமவனோடு அவனுக்கு ஆகாது என்பதும் தெரியும்தானே? உறைக்குள் இருப்பது தன் கடிதம் என்று ஒரு ஆளிடம் வாயால் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சண்டை தயார்.