உருளைக்கிழங்கு குழைந்த நாள்
2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ‘ழான் தீல்மான்’ திரைப்படம் முதலிடம் பிடித்ததிலிருந்து, அதைப் பார்க்க உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்ட நண்பர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: 201 நிமிடம், ஒன்றுமே நடக்கவில்லை. 1975இல் கான் திரைப்பட விழாவிலும் பலர் இப்படித்தான் எழுந்து போனார்கள். படத்தின் இயக்குநர் சந்தால் ஆக்கர்மனுக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை. எழுந்து போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அந்த உருளைக்கிழங்கை அவர்கள் தவறவிட்டிருப்பார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்து அடுக்குமாடி வீடு, மாட்டிவைத்த ஓவியம்போல அசையாத சட்டகம். அதற்குள் ழானாக நடிக்கும் டெல்ஃபின் செரிக், குழைந்துபோன கிழங்கை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் பாத்திரத்தோடு அறை அறையாக அலைகிறார். முந்தைய நாளின் பிசகாத சமையலைப் பொறுமையாகப் பார்த்திருந்தால் மட்டுமே அந்த அலைச்சல் நெஞ்சை அடைக்கும். எனக்கு அடைத்தது. குழம்பு அடிப்பிடித்த ஒரு மதியம், சட்டியைக் கையில் பிடித்தபடி அம்மா கொல்லை வாசலில் வெகுநேரம் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று என்ன ஆயிற்று என்று அவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை.