தாளை எண்ணினோம், படத்தைப் பார்க்கவில்லை

கொத்மலையைச் சுற்றிய தோட்டங்களில் வாசிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள், சிறு இதழ் நடத்துகிறவர்கள், தமிழ் படிப்பிக்கிற மாஸ்டர்மார், டீச்சர்மார் என்று ஒரு சின்னக் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை. வாங்கப் போயிருந்தால் பாதிப் பேர் "யாரு சார் இந்த லக்கி சேனாநாயக்க?" என்றுதான் கேட்டிருப்பார்கள். நம் குற்றப்பத்திரிகையின் முதல் வரி அந்தக் கேள்விதான்.

லக்கி சேனாநாயக்க 1937இல் பிறந்தவர். சிற்பி, ஓவியர், வடிவமைப்பாளர். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்தார். படம் போடத் தானாகவே பழகினார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவராகச் சேர்ந்தார். கட்டட வரைபடத்தில் மரம் என்றால் வழக்கமாக ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள். லக்கியின் கை பட்ட வரைபடங்களில் தென்னை தென்னையாக நிற்கும், பலா பலாவாக நிற்கும். எந்தக் கிளை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். நிற்கிற மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி வீடு கட்டுகிற பாவாவுக்கு அப்படி ஒரு கை தேவைப்பட்டது. பழைய வீடுகள், அம்பலங்கள், விகாரைகள் என்று நாட்டின் கட்டடங்களை பார்பரா சன்சோனியோடு சேர்ந்து வரைந்த படங்கள் 1998இல் பெரிய நூலாக வந்தன. ஏனா டி சில்வாவோடு பத்திக் துணிகளுக்கும் வேலை செய்தார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பாவா அமைத்த இலங்கைக் கூடத்தில் இருந்த அரசிலைச் சிற்பம் அவருடையது. கண்டலம ஹோட்டலில் சிறகு விரித்திருக்கும் ராட்சத ஆந்தையும் அவர் செய்ததுதான். காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டில் ஏறினால் 1630இல் போர்த்துக்கேயரோடு நடந்த ரந்தெனிவெலப் போர் கூடவே ஏறி வரும், உலோகத்தில் செய்த வீரர்களும் குதிரைகளுமாக.

கொழும்பு ஆள், சிங்களவர், ஹோட்டல்களில் சிலை வைத்தவர். நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்காமலேயே அப்படி முடிவு செய்துகொண்டவர்கள்தான் நாம். சம்பந்தம் நம் மடியிலேயே இருந்தது.

1979இல் இலங்கை மத்திய வங்கி புதிய நாணயத்தாள் வரிசை ஒன்றை வெளியிட்டது. இரண்டு ரூபாயிலிருந்து நூறு ரூபாய் வரை. அதற்கு முன்பு தாள்களில் பிரித்தானிய அரசர் இருந்தார், அரசியார் இருந்தார், பிறகு பராக்கிரமபாகுவும் பண்டாரநாயக்கவும் வந்தார்கள். இந்த வரிசையில் எந்தத் தலைவரின் முகமும் கிடையாது. மீன், வண்ணத்துப்பூச்சி, பறவை, காட்டு மரம், பூ. வரைந்தவர் லக்கி. நாணயத்தாளில் ஆளுகிறவர் முகம் இருக்க வேண்டும் என்கிற வழக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு நாட்டின் உயிர்களை அதில் ஏற்றிய வடிவமைப்பு அது. இன்றைக்குப் பழைய தாள் சேர்க்கிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தத் தாள்கள் சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று வாங்கிய நம் அப்பா அம்மா கையில்தான் வந்து விழுந்தன. கங்காணி கூப்பிட, கைநாட்டு வைத்து, எண்ணி வாங்கி, கடைக்காரன் கணக்குக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, மிச்சத்தை நான்காய் மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்தார்கள். லயத்துச் சுவரில் சாமிப் படக் கலண்டரைத் தவிர வேறு படம் இல்லாத காலம். மாதம் ஒருமுறை நல்ல ஓவியர் ஒருவரின் வேலை வீடு தேடி வந்து போயிருக்கிறது. அவர்கள் அதைப் பார்க்காததில் பிழை இல்லை, வயிற்றுப்பாடு அப்படி. பிற்பாடு படித்து, சம்பளப் போராட்டங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் என்ன செய்தோம்? 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதை எழுதினோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தெருவில் நின்றதை எழுதினோம். தொகையைத் தவிர அந்தத் தாளில் வேறு எதையும் நாம் பார்க்கவில்லை.

ஆயிரம் ரூபாய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010 என்று தேதியிட்டு வந்த வரிசையின் ஆயிரம் ரூபாய்த் தாளில் இருப்பது றம்பொடைச் சுரங்கப்பாதை. நுவரெலியாவுக்குப் போகும் வழியில் நாம் பஸ்ஸில் கடந்து போகிற அதே சுரங்கம். பக்கத்திலேயே ஒரு பறவையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் உண்டு. அந்த வரிசையை வரைந்தவர் லக்கி அல்ல; ஆனால் 1979இல் அவர் தாளுக்குள் விட்ட பறவைகள் அதற்குப் பிறகு முழுதாக வெளியே போகவில்லை. நம் ஊர் அச்சாகியிருந்த தாளுக்காக ஆண்டுக்கணக்கில் கோஷம் போட்டு, கடைசியில் 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. மே மாதத்தில் லக்கி இறந்தார். நம்முடைய எந்த இதழிலும் ஒரு பெட்டிச் செய்தி இல்லை. கொரோனாவைக் காரணம் சொல்லலாம். அந்த மாதங்களில் கவிஞர்கள் யாராவது இறந்தால் இணையவழி அஞ்சலிக் கூட்டம் போட மட்டும் நமக்கு வசதி இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருப்பது பாராளுமன்ற விஷயம். 1982இல் ஜயவர்தனபுரக் கோட்டையில் திறக்கப்பட்ட, பாவா கட்டிய பாராளுமன்றத்தின் சபா மண்டபத்தில் நடுவே தொங்குகிறதே, ஓலை விரித்தாற்போல உலோகத்தில் செய்த பெரிய சரவிளக்கு, அது லக்கியின் வேலை. 1948இல் பறிபோன நம் குடியுரிமையைத் திருப்பித் தந்த 1986, 1988, 2003 சட்டங்கள் மூன்றும் அந்த விளக்குக்குக் கீழேதான் நிறைவேறின. சட்டங்களின் இலக்கம் வரை நமக்கு மனப்பாடம். யார் எழுந்து பேசினார், யார் எதிர்த்தார், யார் நழுவினார் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். மேலே தொங்கியது என்னவென்று யாரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

இதில் ஒரு சரித்திர முடிச்சும் இருக்கிறது. லக்கியின் அம்மா புளோரன்ஸ் சேனாநாயக்க, 1947 பொதுத் தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சியின் சார்பில் கிரியெல்லையில் வென்று, இலங்கைப் பாராளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனவர். அதே தேர்தலில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையும் போனார்கள். அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்ற கட்சிகளில் சமசமாஜக் கட்சியும் ஒன்று. நம் குடியுரிமையைப் பறிப்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்த கட்சியின் பெண் உறுப்பினருடைய மகன் செய்த விளக்கின் கீழ்தான் அது திரும்பி வந்தது. நாவலில் இப்படி எழுதினால் செயற்கை என்று நாமே ஒதுக்கிவிடுவோம். நடந்தது நடந்தபடி கிடக்கிறது. எடுத்துச் சொல்ல ஒரு கட்டுரை நம்மிடம் இல்லை.

ஏன் இல்லை? இனம் ஒரு காரணம், மறுக்க மாட்டேன். பட்ட அடிகளுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கலைஞரை எட்டிப் பார்க்க மனசு வராமல் போனது மனித இயல்பு. ஆனால் அதை முழுக் காரணமாக வைத்துத் தப்பிக்க முடியாது. சிங்களச் சினிமாவில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸைக் கொண்டாடினோம், சிங்களச் சிறுகதைகளைத் தமிழாக்கம் செய்தோம். அங்கெல்லாம் கதை இருந்தது, வசனம் இருந்தது. எழுத்து இருக்கிற இடத்துக்கு நாம் போவோம். கோடும் நிறமும் உலோகமும் பேசுகிற இடத்தில் நமக்குக் காது கேட்பதில்லை. படம் என்பது எழுத்துக்குப் பணிவிடை செய்ய வந்தது என்றே வளர்ந்துவிட்டோம்.

நம் புத்தகங்களைத் திறந்து மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். நூலாசிரியர், உரிமை, முதற்பதிப்பு, பக்கங்கள், பிரதிகள், விலை, அச்சகம், அச்சகத்தின் தொலைபேசி எண். கணினி எழுத்து யார் போட்டது என்பதுகூடச் சில வேளை இருக்கும். அட்டை? அட்டையில் கூடை சுமந்த பெண்ணும் பனிமூட்டமும் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. அச்சகத்தில் வேலை செய்கிற தம்பி இரவோடு இரவாகச் செய்து கொடுத்திருப்பார். "தம்பி, எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் திருத்தம் சொல்லியிருப்போம். வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் எத்தனையோ பேருக்குப் போகும்; அந்தத் தம்பி மண்டபத்தில் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்க மாட்டோம்.

அந்தக் கூடைப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலைப் பக்கற்றில் சிரிக்கிற கொழுந்துக்காரி பொய் என்று வருடக்கணக்காகத் திட்டுகிறோம். அட்டை கடித்த காலும் சாயம் ஏறிய விரலும் அந்தச் சிரிப்பில் இல்லை என்பது சரிதான். பிறகு நம் கவிதைத் தொகுதிக்கும் அதே படத்தை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டுகிறோம். கம்பனிக்காரன் சரக்கு விற்கப் படம் போட்டான். நாம் எதற்குப் போட்டோம்?

கோயில் பக்கமும் இதே கதை. மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் முடிந்ததும் கருங்கல்லில் பெயர் வெட்டுவோம். தலைவர், செயலாளர், பொருளாளர், அமைச்சர், உபயகாரர், சீமெந்து கொடுத்த கடை முதலாளி. கோபுரத்தில் மாதக்கணக்கில் சாரத்தில் தொங்கிச் சுதை வேலை செய்த ஆசாரியின் பெயர் தேடினாலும் கிடைக்காது. றம்பொடையில் சின்மயா மிஷன் எழுப்பிய அனுமார் கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து ஆள் வருகிறார்கள். நாமும் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலையின் உயரத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். செதுக்கிய கை யாருடையது என்று அங்கே ஒருவரைக்கூட நாம் கேட்டதில்லை.

லக்கியை விட்டதற்கு இனத்தைக் காட்டலாம் என்றால், ஹனுஷா சோமசுந்தரத்துக்கு எதைக் காட்டுவது? ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர். தேயிலை வடிகட்டியையும் சாயம் இறங்கிய தேயிலைப் பைகளையும் எடுத்துத் தோட்டத்து வாழ்க்கையைப் படைப்பாக்கினார். கூடையும் பனியும் சிரிப்பும் இல்லாத மலையகம் அது. நம் அட்டைகளுக்கு நாம் தேடியிருக்க வேண்டிய மலையகம். கொழும்புக் காட்சியறைகள் அவரை அறியும். கொத்மலையில் எத்தனை வீட்டில் அவர் பெயர் தெரியும்? நம் முன்னோர் மலையகம் வந்த இருநூறு வருட நினைவு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம், கருத்தரங்கு வைத்தோம், மலர் போட்டோம். மலரில் இலக்கியத்துக்கு ஒதுக்கிய பக்கங்களோடு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒதுக்கியதை வைத்துப் பார்த்தால் தலை நிமிர முடியாது.

இடம் இல்லை, காசு இல்லை என்று சொல்வோம். பிள்ளைகளுக்குச் சித்திர பாடம் எடுக்க ஆள் இல்லாத பாடசாலைகள் இருப்பது உண்மை. சித்திர நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்து பாடம் முடிப்பதற்கு நாமும்தான் தலையாட்டினோம், சோதனை கிட்ட வந்துவிட்டது என்று. காட்சி வைக்க இடம் இல்லை என்பது மட்டும் பொய். புசல்லாவையிலும் நாவலப்பிட்டியிலும் கல்யாண மண்டபம் வாடகைக்குக் கிடைக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை குறைத்தும் தருகிறார்கள். வருடம் தவறாமல் எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்த.